வன்னியில மரம் வைக்கப்போறீங்களோ? குளத்தையும் கிணத்தையும் ஒருக்கா யோசிச்சு வையுங்கோ

மாரிக்கு முதல் மரநடுகைக்கு எல்லாரும் கண்டு தேடித் திரியினம், சந்தோசம்தான், ஆனா காடு வைச்சா மழை வரும் எண்டு நம்பிக் குளத்துக்குத் தண்ணி வாற பக்கமெல்லாம் தேக்கும் யூக்கலிப்டசும் நெருக்கி வைக்கப் போறவை தயவுசெய்து இதை வாசிச்சிட்டுப் போங்கோ.

மரம் மண்ணில இருந்து உறிஞ்சிற தண்ணி இலை வழியா ஆவியாப் போகுது, அது எங்க மழையா விழும் எண்டது காத்தின்ர கையில. அமேசன்ல கிழக்குக் காடு விடுற ஈரம் காத்தோட போய் மேற்கில மழையாகுது. எங்களுக்கு அப்பிடியில்ல, எங்கட பெருமழை ஐப்பசிக்குப் பிறகு வங்கக்கடலால வாறது, கோடையில மரம் விடுற ஈரத்தைச் சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, முல்லைத்தீவுக்கு அங்கால கடலுக்குக் கொண்டு போயிடும். உலகம் முழுக்க மரம் வைச்சா என்ன நடக்கும் எண்டு 2022ல வந்த ஒரு ஆய்வு கணக்குப் பாத்தது, சில பிரதேசத்தில தண்ணி 6 வீதம் வரை கூடுமாம், சில இடத்தில 38 வீதம் வரை குறையுமாம்.

அதுக்காக வைக்காம விடேலாது. எங்களை மாதிரி நீண்ட கோடை உள்ள மேற்கு ஆபிரிக்காவின்ர புர்கினா ஃபாசோவில செய்து 2016ல வந்த ஒரு ஆய்வு கண்டது என்னெண்டா, மரம் ஐதா நிக்கிற இடத்திலதான் நிலத்தடி நீர் கூட ஊறுது. மரமே இல்லாட்டி மண் இறுகி வெள்ளம் ஓடிடும், நெருக்கினா ஊறினதை மரமே குடிச்சிடும்.

அப்ப முதல் மண்ணைப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் வெட்டின பெரிய பால்மா ரின் ஒண்டை நாலு விரல் ஆழத்துக்கு இறக்கி, தண்ணி நிரப்பி, எவ்வளவு நேரத்தில வத்துது எண்டு பாருங்கோ, வெட்டையிலயும் பாருங்கோ பழைய காட்டுக்குள்ளயும் பாருங்கோ, எங்க மண் இறுகிக் கிடக்கெண்டு விளங்கும். தேக்கந்தோட்டத்துக்குள்ள மழை நேரம் நிண்டு பாத்தீங்களெண்டா அந்த அகண்ட இலையில சேந்து விழுற பெரிய துளி, கீழ சருகோ பத்தையோ இல்லாட்டி மண்ணைக் கிளப்பி எறியும், அந்த மண் கடைசியில குளத்துக்குள்ளதான்.

குளக்கட்டில மரம் வேண்டவே வேண்டாம், வேர் உக்கின ஓட்டையால கசிஞ்சு கட்டு அறுக்கும். அலைகரையில மருது, நாவல். மேட்டில பாலை, வீரை, முதிரை, ஆறுதலா வளரும் பொறுங்கோ. வயலுக்குத் தென்மேற்கில வேம்பு, இலுப்பை வரிசையா நிண்டா சோளகத்தின்ர உக்கிரம் குறையும், மண் காயிறதும் குறையும். ஏற்கனவே அடிக்கட்டை தளிர்க்குதெண்டா புதுக்கண்டை விட அதுதான் திறம், வேர் ஆழத்தில இருக்கு, அதைக் காப்பாத்துங்கோ.

ஒரு விசயம், மிதிவெடி எடுத்து முடிஞ்ச காணியோ எண்டு கிராம சேவையாளரிட்டக் கேக்காமல் மண்வெட்டி போடாதேங்கோ.

முதல் மாரி தொடங்கி மண் நனைஞ்ச உடன வைச்சா வேர் பிடிக்க நாள் காணும். மாடு வராம முள்ளு அடையுங்கோ, அடியில சருகு போடுங்கோ, முதல் சோளகம் முழுக்கத் தண்ணி ஊத்த ஆள் இருந்தா மட்டும் வையுங்கோ. பக்கத்துக் கிணத்தில கயிறு விட்டு மாதத்துக்கொருக்கா மட்டம் எழுதுங்கோ, ஆவணி மாதக் கணக்குத்தான் முக்கியம், நல்ல மாரி பெய்தும் அது வருசா வருசம் இறங்குதெண்டா நெருக்கமா நிக்கிற மரங்களை ஐதாக்குங்கோ.