எதிர்பாராமல் முயல் குட்டி போட்டால்: முதல் நாள் முதல் பால் மறக்கும் வரை

பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஒரு சித்திரை மாதத்து விடியற்காலையில், முயல்களுக்கு வைத்திருந்த அட்டைப்பெட்டியின் மூலையில் வெள்ளை முடி குவிந்து கிடந்தது. இரண்டும் சண்டை போட்டு முடியைப் பிய்த்துக்கொண்டன என்று எண்ணி அதை அள்ளப் போன கை, குவியல் தானாகவே மெல்ல ஏறி இறங்குவதைக் கண்டு நின்றுவிட்டது. முடியை விரலால் விலக்கியபோது உள்ளே ஆறு குட்டிகள், உடலில் முடியில்லாமல், கண் திறக்காமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. “இரண்டும் பெட்டைதான், ஒரே கூண்டில் விடலாம்” என்று உறுதி சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட ஜோடி அது. இளம் முயல்களில் ஆண், பெண் பார்ப்பது பழகிய கண்ணுக்கும் தவறிப்போகக்கூடிய வேலை என்பதால், இப்படி ஒரு காலைப்பொழுது யார் வீட்டுக்கும் வரலாம். அன்று எனக்குத் தெரியாமல் இருந்தவற்றை, அவை தேவைப்படும் வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

குட்டிகளைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஆண் முயலை வேறு அறைக்கு மாற்றுவது. முயலுக்கு மற்ற விலங்குகளைப்போல் தனிப் பருவகாலம் இல்லை. இணை சேர்வதே கருமுட்டை வெளிவரக் காரணமாகிறது. ஆகவே குட்டி ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே தாய் மீண்டும் சினையாகிவிட முடியும். சினைக்காலம் 28 முதல் 32 நாள். பெரும்பாலும் 31ஆம் நாளில் ஈனும். ஆண் முயல் அன்றிரவு கூடவே இருந்தது என்றால், நாட்காட்டியில் 31 நாளை எண்ணிக் குறித்துவைத்துவிட்டு, இரண்டாம் ஈற்றும் வரும் என்றே வைத்து இடத்தையும் தீவனத்தையும் தயார் செய்துகொள்வது நல்லது. நடுவில் கம்பி வலை மட்டும் வைத்துப் பிரிப்பது போதாது, வலை வழியாகவே இணை சேர்ந்துவிடும். ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்தாலும், அதன் பிறகு 4 முதல் 6 வாரம் வரை அது சினைப்படுத்தும் திறனோடுதான் இருக்கும்.

அடுத்து, தாய்க்குக் கொஞ்சம் கொத்தமல்லித் தழையைக் காட்டிச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்றுவிட்டு, கூட்டை ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று பலரும் சொல்வார்கள். வீட்டில் பழகிய முயலுக்கு அது பொருந்தாது. கையைக் கழுவி, கூட்டில் உள்ள புல்லையே உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டால் போதும். இறந்த குட்டி இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். கூட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட குட்டி ஏதாவது கிடக்கிறதா என்றும் தேட வேண்டும், ஏனென்றால் பூனையைப்போல் முயல் தன் குட்டியைக் கவ்வித் திரும்பக் கொண்டுவருவதில்லை. சில்லிட்டுக் கிடக்கும் குட்டியைச் செத்ததென்று முடிவு செய்துவிடாதீர்கள். இரு உள்ளங்கைகளுக்குள் மெல்லப் பொத்திச் சூடு ஏற்றினால் பல நேரம் அசையத் தொடங்கும். அசைந்த பிறகே கூட்டில் விட வேண்டும்.

தாய்க்குத் தனிப் பெட்டி இல்லையென்றால் அன்றே ஒன்று செய்துவிடலாம். ஏறக்குறைய 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள மரப்பெட்டியோ கெட்டியான அட்டைப்பெட்டியோ போதும். தாய் தாவி ஏறி இறங்கும்படியும் குட்டி உருண்டு வெளியே வராதபடியும் முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்வாக வெட்ட வேண்டும். அடியில் உலர்ந்த புல்லைப் பரப்பி, நடுவில் குழி செய்து, தாய் பிய்த்துப் போட்ட அதே முடியால் குட்டிகளை மூட வேண்டும். சென்னை வீடுகளில் இதற்கு மேல் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று எறும்பு. பிறந்த குட்டியின் மேல் பால் வாடையும் இரத்த வாடையும் இருப்பதால் எறும்பு ஒரே இரவில் கூட்டை மொய்த்துவிடும். எறும்பு மருந்தோ சாக்கட்டியோ கூட்டருகே போடக் கூடாது, பெட்டியை ஒரு முக்காலியின்மேல் வைத்து அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். தாய் ஏறி இறங்க அருகிலேயே ஒரு படி அமைக்கும்போது, அந்தப் படியின் கால்களும் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். மற்றொன்று வெயில். மார்கழியில் மூடி வைக்கும் அதே முடி, கத்திரி வெயிலில் குட்டிகளை வேக வைத்துவிடும். குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தால் சூடு சரியாக இருக்கிறது. தனித்தனியே விலகி, வாய் திறந்து, கூட்டின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்தால் முடியில் பாதியை எடுத்துவிட்டுப் பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்ற வேண்டும்.

இதன் பிறகு வருவதுதான் மனத்துக்குக் கடினமான பகுதி, ஏனென்றால் தாய் குட்டிகளின் பக்கமே போகாது. அன்று பகல் முழுவதும் எங்கள் முயல் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நீட்டிப் படுத்திருந்தது. பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பதறினோம். உண்மையில் முயல் நாளைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறைதான் பால் கொடுக்கும். அதுவும் விளக்கு வைக்கும் நேரத்திலோ விடியலுக்கு முன்போ, சுமார் 3 முதல் 5 நிமிடம் மட்டும். காட்டில் வளைக்குள் குட்டி போடும் விலங்கு, அடிக்கடி அங்கே போய்வந்தால் வேட்டை விலங்குக்கு வழி காட்டியதாகிவிடும் என்பதால், விலகி இருப்பதையே பாதுகாப்பாகக் கொண்டிருக்கிறது. அதற்கு ஈடாக அதன் பால் மிகவும் செறிவானது, பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்புள்ளது. எனவே தாய் பால் கொடுப்பதைக் கண்ணால் பார்க்கவில்லை என்பது கவலைக்குரிய செய்தியே அல்ல.

பார்க்க வேண்டியது குட்டியின் வயிற்றை. காலையில் ஒரு குட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் இழுத்துப் பளபளத்து, மெல்லிய தோலுக்கு உள்ளே பால் வெள்ளையாகவே தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு உள்ளே ஒட்டி, தோல் காய்ந்த சுண்டைக்காய்போல் சுருங்கியிருக்கும்; அது ஓயாமல் தலையை ஆட்டித் துழாவும். முதல் நாள் வயிறு காலியாக இருந்தால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம், தலைச்சன் ஈற்றில் பால் சுரக்கச் சிறிது தாமதமாவதுண்டு. மறுநாளும் அத்தனை குட்டிகளின் வயிறும் காலியாகவே இருந்தால்தான் நாம் தலையிட வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் இளைத்திருந்தால், நன்றாகக் குடித்த பெரிய குட்டிகளைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்து, இளைத்தவற்றை முதலில் தாயிடம் விடுவது போதும்.

தலையிட நேர்ந்தாலும் புட்டிப்பாலுக்குப் போகும் முன் தாயையே கூட்டுக்குள் மெதுவாக இறக்கி, நெற்றியைத் தடவியபடி ஐந்து நிமிடம் அமர வைத்துப் பாருங்கள்; காலையும் மாலையும் இப்படிச் செய்தால் பல தாய்கள் இரண்டு மூன்று நாளில் தாமாகவே பழகிவிடும். அதுவும் முடியாதபோது பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவையோ ஆட்டுப்பாலையோ வெதுவெதுப்பாக, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் கொடுக்கலாம். பாக்கெட் பசும்பால் வேண்டாம். பிறந்த குட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 2.5 மில்லி, ஒரு வாரத்தில் 6 முதல் 7 மில்லி, இரண்டு வாரத்தில் 12 மில்லி அளவுக்கு, நாளைக்கு இரண்டு வேளை என்பது பொதுக் கணக்கு. கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் குட்டியை இழக்க நேரும், பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி நான்கு காலில் நிற்கும் வாக்கிலேயே வயிறு கீழாக இருக்க வேண்டும். உதட்டில் ஒரு துளி வைத்து, அது நக்கிய பிறகே அடுத்த துளி. ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்தால்தான் சிறுநீர் கழியும். அதைத் தாய் நக்கிச் செய்யும் வேலை என்பதால் நாம் மறக்கக் கூடாது.

குட்டிகளின் வயிறு தாயின் பாலைப் பொறுத்தது, தாயின் பால் அதன் தீவனத்தைப் பொறுத்தது. முயலுக்கு முதன்மை உணவு புல்தான், கேரட் அல்ல. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, வாரத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளரும்; நாள் முழுவதும் நார் நிறைந்த புல்லை அரைத்தால்தான் அவை தேயும். குடலும் நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் நகரும். உணவில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். இறக்குமதியாகும் திமோத்திப் புல் கடைகளில் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். நான் நம்பிக் கொடுப்பது அருகம்புல். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக்கட்டாக விற்பதை வாங்கி, மண் போக அலசி, மொட்டை மாடியில் நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப்போட்டு உலர்த்தினால் மணமுள்ள உலர்புல் ஆகிவிடும். பூசண வாடை அடித்தால் யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும். மாட்டுத்தீவனம் விற்கும் இடங்களில் கிடைக்கும் கோ-4 கம்பு நேப்பியர் புல்லையும் நறுக்கிக் கொடுக்கலாம். தெருவோரப் புல் வேண்டவே வேண்டாம், அதில் நாயின் சிறுநீரும் வண்டிப் புகையும் கொசு மருந்தும் படிந்திருக்கும்.

கீரைக்காரம்மாவின் கூடையில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கித் தழை ஆகியவை தினமும் ஒரு பிடி கொடுக்கத் தக்கவை. பசலையும் தண்டுக்கீரை வகைகளும் ஆக்சலேட் என்ற உப்பு மிகுந்தவை, வாரத்துக்கு இரண்டு முறை போதும். முருங்கை, அகத்தி, தீவனப் பயிர்களான வேலிமசால், குதிரைமசால் ஆகியவற்றில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். சாதாரண நாளில் அளவோடு தர வேண்டிய இவை, பால் கொடுக்கும் தாய்க்கும், கீரை பழகிய பிறகு வளரும் குட்டிக்கும் தாராளமாகவே தேவை. அடர்தீவன உருண்டை, 2 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளைக்கு 50 கிராம் என்பது வழக்கம். பால் கொடுக்கும் காலத்தில் அளவு பார்க்காமல், கிண்ணம் காலியாகும்போதெல்லாம் நிரப்பலாம். கேரட்டும் பழமும் கட்டைவிரல் நுனி அளவுக்கு மேல் வேண்டாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, பிஸ்கட், வெண்ணெய்ப்பழம், சாக்லேட் ஆகியவை கூடவே கூடாது. தொட்டியில் அரளியோ டிஃபன்பாக்கியாவோ வைத்திருந்தால் முயல் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

முயலுக்குத் தண்ணீர் வைத்தால் கழிச்சல் வரும் என்று இந்த ஊரில் இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் சாகும் முயல்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: சாதாரண முயலே எடைக்கு ஏற்ப நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை குடிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். கவிழாத கனமான மண்சட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். வெயில் 30 டிகிரியைத் தாண்டும் பகல்களில், தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றித் தாயின் அருகே வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

தாயின் புழுக்கையைத் தினமும் பாருங்கள். உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் உள்ளே புல்நார் தெரிந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று வரும் இன்னொரு வகையை முயல் நேரே வாயில் வாங்கித் தின்னும். அது நோயல்ல, சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளும் வழி. 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் உள்ள மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் மிக ஆபத்தானது, வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலைக் கொன்றுவிடும்.

இனிக் குட்டிகள் தாமாகவே வளரும். ஒரு வாரத்தில் மெல்லிய முடி மூடும். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும், திறக்காமல் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். மூன்றாம் வாரம் கூட்டைவிட்டு வெளியே வந்து தாய் தின்னும் புல்லைக் கொறிக்கும். புல், அடர்தீவனம் இரண்டும் அப்போதே அருகில் இருக்கட்டும், கீரைக்கு மட்டும் அவசரம் வேண்டாம். 12 வாரம் ஆன பிறகு ஒரு நேரத்தில் ஒரு வகை, ஓர் இலை என்று தொடங்கினால் கழிச்சல் வராது. பால் மறக்கச் செய்ய 8 வாரம் வரை பொறுப்பது நல்லது. தாய் மீண்டும் சினையாக இருந்தால் மட்டும், அடுத்த ஈற்றுக்கு மூன்று நாள் முன்பாவது இவற்றைத் தனியே வைத்துவிட வேண்டும்.

ஆண், பெண் பார்ப்பதை 8ஆம் வாரத்தில் ஒருமுறையும் 10ஆம் வாரத்தில் மீண்டும் ஒருமுறையும் செய்யுங்கள். பிறப்புறுப்பின் மேல் மெல்ல அழுத்தினால் ஆணில் வட்டத் துளையும் குழல்போன்ற முனையும், பெண்ணில் நீள்வெட்டும் தெரியும். 12 வாரத்துக்குள் ஆண்களைப் பிரித்துவிட வேண்டும், உடன்பிறந்தவை என்று அவை பார்ப்பதில்லை. தாய்க்குப் பால் வற்றியதும், முயலில் பழகிய மருத்துவரிடம் கருத்தடை பற்றிப் பேசுங்கள். கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதாகும்போது கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது. அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடத் தேவையில்லை.

எங்கள் ஆறில் ஐந்து பிழைத்தன, நான்கை வேறு வீடுகளுக்குக் கொடுத்தோம். வாங்க வந்தவர்களிடம் ஆணா பெண்ணா என்பதைக் கையில் பிடித்துக் காட்டி, தாளில் எழுதியும் கொடுத்தோம். தீவனம் திடீரென மாறினால் குட்டியின் வயிறு கெட்டுவிடும் என்பதால், இங்கே தின்ற அதே அருகம்புல்லையும் அடர்தீவனத்தையும் பத்து நாளுக்குப் போதுமாறு பொட்டலம் கட்டி ஒவ்வொரு குட்டியோடும் அனுப்பினோம்.