வெளிநாட்டு மாணவரும் நம்ம பிள்ளைகளும்: பேச வைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

வெளிநாட்டு மாணவர்களும் உள்ளூர் மாணவர்களும் பழக வேண்டும் என்று நினைத்த உடனே கல்லூரிகளில் நடப்பது ஆடிட்டோரியத்தை புக் செய்வதுதான். குத்துவிளக்கு, பொன்னாடை, நான்கு பேர் உரை, வெளிநாட்டு மாணவிகளுக்குச் சேலை கட்டிவிட்டு ஒரு குரூப் போட்டோ. அந்த மூன்று மணி நேரத்தில் ஓர் உள்ளூர் மாணவரும் ஒரு வெளிநாட்டு மாணவரும் முகம் பார்த்துப் பேசியது ஐந்து நிமிடம் தேறாது. வகுப்புக்கு ஒருவர், இருவர்தான் வெளியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். அன்று முழுக்க அவர் காட்சிப்பொருள்.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு தரப்பினர் சும்மா சந்தித்தால் தப்பெண்ணம் குறைந்துவிடாது. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்தால்தான் முடியும் என்கிற வேலை, நிர்வாகத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும். விழாவில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

எனவே கூட்டத்தைச் சிறிதாக்குங்கள். ஒரு குழுவில் 6 முதல் 8 பேர் போதும். அதில் வெளிநாட்டு மாணவர் குறைந்தது இரண்டு பேர். ஒருவரைத் தனியாக உட்கார வைத்தால் அவர் தன் நாட்டுக்கே பிரதிநிதியாகிவிடுவார். வாரம் ஒருமுறை, 45 நிமிடம், ஆறு வாரம், அதே ஆட்கள். ஒவ்வொரு வாரமும் ஆள் மாறினால் பேச்சு ‘உங்க பேர் என்ன, எந்த ஊர்’ என்பதைத் தாண்டாது. முதல் கூட்டத்தைச் சேர்க்கை முடிந்த கையோடு வைக்காதீர்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு செய்தாக வேண்டும். அந்த அலைச்சலும் வீடு தேடும் அலைச்சலும் முடியட்டும்.

நேரம் குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாலை 5 மணி ஹாஸ்டலில் இருப்பவருக்குத்தான் வசதி. வடசென்னைக் கல்லூரிகளுக்கு மீஞ்சூர், கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோகிறவர்கள் அந்நேரம் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். பலருக்கு மாலையில் பார்ட் டைம் வேலை. ‘உள்ளூர்ப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். மதிய இடைவேளை, அல்லது ஷிப்ட் முறை இருக்கும் இடத்தில் காலை ஷிப்ட் முடிந்து பிற்பகல் ஷிப்ட் தொடங்கும் இடைவெளி, இதுதான் பொருந்தும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், ஜும்மா தொழுகை இருக்கிறது.

அடுத்தது மொழி. ‘எல்லோருக்கும் பொது’ என்று ஆங்கிலத்தை மட்டும் வைத்தால், தமிழ் வழியில் படித்து வந்த வியாசர்பாடிப் பிள்ளை முதல் பத்து நிமிடத்திலேயே வாயை மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டும் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள். சம அந்தஸ்து அங்கேயே போய்விட்டது. இதற்கு எளிய வழி, ஆங்கிலம் சரளமாக வராதவர் கற்றுத் தருகிறவராக இருக்கும் ஒரு வேலையோடு தொடங்குவது.

வடசென்னைப் பக்கத்தில் அதற்குக் கேரம்போர்டைவிட நல்ல பொருள் இல்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். போர்டைப் போட்டு நான்கு பேரை உட்கார வையுங்கள். கேரமில் ஜோடிகள் எதிரெதிரேதான் உட்காருவார்கள், ஆகவே உள்ளூர் ஒருவர், வெளிநாடு ஒருவர் என்று ஜோடி சேர்த்தால் ஆட்டம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தீர வேண்டும். ஒன்பது கருப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. ‘ரெட்டைப் போட்டா உடனே ஃபாலோவா நம்ம காயின் ஒண்ணைப் போடணும், இல்லைன்னா ரெட் திரும்ப நடுவுக்கு வந்துடும்’ என்பதைப் புரியவைக்க ஒரு வாக்கியம் ஆங்கிலம்கூடத் தேவையில்லை. விரலும் ஸ்ட்ரைக்கரும் போதும். எதிரில் இருப்பவர் ஃபாலோவைத் தவறவிட்டதும் எழுகிற சத்தத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. பெண்களை வேடிக்கை பார்க்க விட்டுவிடாதீர்கள், ஜோடிகளில் அவர்களும் இருக்க வேண்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து பேச்சுக்கு வரலாம். ‘உங்க நாட்டைப் பத்திச் சொல்லுங்க’ என்ற கேள்வியைத் தவிருங்கள். அது பொது அறிவுப் பாடமாகத்தான் முடியும். ‘ஆப்பிரிக்காவில் என்ன சாப்பிடுவீங்க’ என்பது அதைவிடத் தவறு. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இருக்கும் கண்டம் அது. வீட்டளவுக்கு இறங்கிக் கேளுங்கள்: உங்க வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? உடம்பு சரியில்லை என்றால் அம்மா என்ன கொடுப்பார்? இதற்கு இரண்டு பக்கமும் பதில் இருக்கும். அனுமதி இல்லாமல் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது இரண்டும் கூடாது என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். மணிப்பூர், மிசோரம் மாணவர்களை வெளிநாட்டவர் வரிசையில் உட்கார வைப்பதும் நடக்கிறது. அவர்கள் இந்த நாட்டுக்காரர்கள். அந்தத் தவறு அவர்களை எவ்வளவு புண்படுத்தும் என்று யாரும் யோசிப்பதில்லை.

இலங்கைத் தமிழ் மாணவர் இருந்தால் மொழிச் சிக்கலே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ‘கதைப்போமா’ என்றால் ‘பேசலாமா’ என்று அர்த்தம். நம்ம ஊரில் ‘கதை விடாதே’ என்பதுதான் காதில் விழும். மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் அவரைப் போடாதீர்கள், அவரும் படிக்க வந்தவர்தான். வெளிநாட்டு மாணவர் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் ‘மச்சான்’, ‘டா’. அதை யாரிடம் சொல்லலாம் என்று சொல்லித்தராமல் விட்டால், வாட்ச்மேன் அண்ணனிடம் ‘வாடா’ என்று சொல்லிவிட்டு அவர் முகம் ஏன் மாறியது என்று புரியாமல் நிற்பார். வாரம் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்: ‘வா’வும் ‘வாங்க’வும், ஆமாம் என்பதற்கு நாம் தலையை ஆட்டும் விதமும். அது பல ஊர்க்காரர்களுக்கு ‘இல்லை’ என்றே படும்.

சாப்பாட்டில், எல்லோருக்கும் பிரியாணி என்று சொல்லிவிடுவது வழக்கம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டின் பெரும்பகுதி புதன், வெள்ளிகளில் இறைச்சி, முட்டை, பால் தொடமாட்டார்கள். நம்மவர்களில் புரட்டாசியில் கவிச்சி தொடாதவர்கள் உண்டு. முன்பே கேட்டு வையுங்கள்.

வெளியே போகிறோம் என்றால் உடனே மாமல்லபுரம் பஸ் வேண்டாம். அங்கே எல்லோரும் சுற்றுலாப் பயணிகள். பாரிமுனையில் நடங்கள், உள்ளூர் மாணவர்கள் வழிகாட்டட்டும். 1772-ல் கட்டிய ஆர்மேனியன் தேவாலயம் இருக்கும் தெருவை மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்றார்கள். ‘ஆர்மேனியன்’ நம் வாயில் அப்படி ஆனது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது: நூடுல்ஸ், கோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். வேற்றூரில் இருந்துவிட்டு வந்த நம் மக்களின் கதை அந்தத் தட்டில் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர் தன் கதையைச் சொல்ல நல்ல தொடக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் ஏலம் கேட்பவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்ட விடாதீர்கள். குடியிருப்புகளைப் படம் எடுப்பது அறவே கூடாது. அங்கே உங்கள் மாணவர்களின் வீடும் இருக்கும்.

ஒருநாள் யாராவது வாய்தவறிப் புண்படுத்துவார்கள். ‘விடுப்பா, விளையாட்டுக்குச் சொன்னான்’ என்று பூசி மெழுகினால் புண்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார். பேச்சை நிறுத்துங்கள். என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று சொன்னவரிடம் கேளுங்கள். கேட்டவருக்கு எப்படிப் பட்டது என்று அவரே விரும்பினால் சொல்லட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். அன்று மாலையே இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். திட்டமிட்ட இனவெறிப் பேச்சாக இருந்தால் அதை வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது. எழுத்தில் புகார் வாங்கி நிர்வாகத்திடம் கொடுத்து, என்ன நடவடிக்கை என்பதைப் புகார் கொடுத்தவருக்குத் தெரிவியுங்கள்.

ஆறாவது வாரம் வருகைப் பதிவேட்டை எண்ண வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு கேள்வி போதும்: இந்தக் குழுவில் யாருடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது? கடந்த வாரம் கூட்டத்துக்கு வெளியே யாரிடம் பேசினீர்கள்? சீட்டு காலியாக வந்தால் ஜோடிகளை மாற்றி, நேரத்தை மாற்றி, மறுபடி போர்டைப் போடுங்கள்.