பட்டப் பெயரை அறிவுசார் சொத்தாகப் பதிவு செய்ய முடியுமா? தனியார் கல்வி நிறுவனம் நடத்துவோருக்கான வழிகாட்டி

சொந்தமாகப் பாடத்திட்டம் வகுத்துப் பயிற்சி நிறுவனம் நடத்துவோர், தாம் வழங்கும் பட்டத்தின் பெயரை வேறெவரும் எடுத்தாளாதபடி பதிவு செய்துகொள்ள விரும்புவது இயல்பே. ஆனால் வழக்கத்திலுள்ள பட்டப் பெயர் எதுவும் இந்தியச் சட்டத்தில் ஒருவருடைய அறிவுசார் சொத்து ஆகாது. சட்டம் காப்பது அதை வழங்கும் அதிகாரத்தையே.

ஆகவே, நீங்கள் தரப்போவது பட்டமா, சான்றிதழா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இன் 22ஆம் பிரிவுப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். புகழ்பெற்ற இந்திய மேலாண்மை நிறுவனங்களே, 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, எம்.பி.ஏ. பட்டத்துக்குப் பதிலாக முதுநிலைப் பட்டயம்தான் அளித்துவந்தன. மீறுவோருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விதித்த அபராதம் 1,000 ரூபாய் வரைதான். செல்லாத பட்டத்தால் மாணவர் இழக்கும் ஆண்டுகளை எண்ணினால் இது மிகச் சொற்பம், உயர்த்தப்பட வேண்டியது.

வணிகக் குறிகள் சட்டம், 1999-இன் 9ஆம் பிரிவு, சேவையின் வகையை மட்டும் சுட்டும் சொற்களையும், துறையில் பொதுவழக்காகிவிட்ட சொற்களையும் பதிவுக்கு ஏற்பதில்லை. பி.எஸ்சி., எம்.பி.ஏ. போன்றவை படிப்பின் நிலையைக் காட்டுகின்றனவேயன்றி அதை நடத்தும் நிறுவனத்தைக் காட்டுவதில்லை. பட்டம் என்று மயங்கவைக்கும் புதுப்பெயரைப் புனைந்தாலும், பொதுமக்களை ஏமாற்றக்கூடிய குறி என்று அது மறுக்கப்படலாம். பதிப்புரிமையும் இங்கே கைகொடுக்காது. ஒரு கதைத் தலைப்பு குறித்த வழக்கில், தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிறுவனத்தின் பெயர், சின்னம், பட்டத்தை ஒத்திராத தனித்துவமான சான்றிதழ்ப் பெயர் ஆகியவற்றை வணிகக் குறியாகப் பதிய, கல்விச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கலாம். அதே பெயர் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் பார்த்துவிடுங்கள். விண்ணப்பம் வணிகக் குறி இதழில் வெளியான 4 மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பிறருடைய பொருளோ சேவையோ குறித்த தரத்தில் உள்ளது என்று உறுதிசெய்யும் சான்றளிப்புக் குறி என்ற தனிவகையும் உண்டு. எனினும் தான் சான்றளிக்கும் அதே வகைச் சேவையைத் தானே வணிகமாக நடத்துபவருக்கு 70ஆம் பிரிவு அதை மறுப்பதால், பயிற்சியும் தந்து சான்றும் அளிப்பவருக்கு அது ஏற்றதன்று.

பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் சொத்து, பாடநூலும் வினாத்தொகுப்பும் காணொளியும்தான். அவற்றுக்குப் பதிவு இல்லாமலேயே பதிப்புரிமை உண்டு. ஆனால் நிறுவனத்தின் ஊழியரல்லாத ஆசிரியர் எழுதித் தந்த பாடத்தின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாவிடில், பெரும்பாலும் அவரிடமே நிற்கும். எனவே கையெழுத்திட்ட உரிமைமாற்று ஒப்பந்தம் பெறுங்கள். அதில் கால அளவைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்ளும் என்பதால், இரண்டையும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.