வகுப்பில் இளைப்பு வந்தால்: இன்ஹேலரும் ஸ்பேசரும்

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்காவது ஆஸ்துமா இருக்கும் என்று வைத்துக்கொண்டே பள்ளி தயாராக வேண்டும். குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க்கின் இந்திய ஆய்வில் 6–7 வயதிலும் 13–14 வயதிலும் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு அது இருந்தது. வீசிங் (மூச்சு விடும்போது கீச்சுச் சத்தம்) இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா என்று யாரும் கண்டு சொல்லியிருக்கவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலும் இப்படிப்பட்ட பிள்ளை ‘சளி உடம்பு’ என்ற பேரோடு போய்விடும்; சில வீடுகளில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் காசநோய்) என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். ஓடியதும் இருமல், விடியற்காலையில் இருமல், ஐப்பசி கார்த்திகை மழையில் அடிக்கடி லீவு: இந்த மூன்றும் சேர்ந்தால் வகுப்பாசிரியர் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவா என்று முடிவு செய்வது குழந்தை மருத்துவரின் வேலை.

பள்ளியில் இருக்க வேண்டியவை மூன்று: இளைப்பை உடனே தணிக்கும் சால்புட்டமால் இன்ஹேலர், அதற்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசர், எத்தனை பஃப் (ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து), எப்போது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு தாள். இவற்றை ஹெச்.எம். அறை பீரோவில் பூட்டி வைத்தால் பயனே இல்லை. சாவி இருப்பவர் மீட்டிங்குக்குப் போன நாளில்தான் இளைப்பு வரும். பெரிய பிள்ளை பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைக்கு என்றால் வகுப்பு மேசையில் பேர் எழுதிய டப்பாவில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வேனிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ விட வேண்டாம், குப்பிக்குள் அழுத்தம் ஏறும். உடனடி நிவாரண இன்ஹேலர் பெரும்பாலும் நீல நிறம். ஆனாலும் நிறத்தை நம்பாமல் மேலே உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள்.

பாதி வீட்டில் மருந்து வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் கொடுக்கும் விதம்தான். ஸ்பேசர் இல்லாமல் வாயில் நேராக அடித்தால் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நிமிர்த்திப் பிடித்து நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை வெளியே விட்டபின், வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்கட்டும். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். நிதானமாக நான்கு முதல் ஆறு மூச்சு. அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப். அவசரத்தில் இரண்டு மூன்றை ஒன்றாக அடித்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரில் ஒட்டி, உள்ளே போவது குறையும். சில நாள் தொடாமல் இருந்த இன்ஹேலரை முதலில் காற்றில் இரண்டு தடவை அடித்துவிடுங்கள்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துணியால் துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். வாய் படும் இடத்தை மட்டும் துடைக்கலாம்.

இளைப்பு வந்துவிட்டால் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்தோ சற்று முன்னால் சாய்ந்தோ உட்காரட்டும். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். வெந்நீர், காபி, தைலம் என்று நேரத்தைக் கழிக்க வேண்டாம். டாக்டர் தாளில் வேறு சொல்லாதபட்சத்தில் கணக்கு இதுதான்: 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, பிறகு 4 நிமிடம் காத்திருங்கள். குறையவில்லையா, மறுபடி 4. அப்போதும் குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு 4 பஃப் என்று கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, விலா இடுக்கு உள்ளே குழிதல், உதடு நீலம் பாய்தல், சோர்ந்து தூங்கி விழுதல்: இவற்றில் ஒன்று தெரிந்தால் முதலிலேயே 108. கீச்சுச் சத்தம் திடீரென்று நின்றும் பிள்ளை இன்னும் திணறினால் அது நல்ல சேதி அல்ல. காற்றே சரியாகப் போகவில்லை என்று பொருள்.

‘நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் மெஷின்) வைத்தால்தான் அடங்கும்’ என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் பழக்கம் இங்கே அதிகம். லேசான, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசரில் கொடுக்கும் சால்புட்டமால் அதற்குச் சளைத்ததல்ல, கரண்டும் வேண்டாம்.

ஸ்பேசர் உடைந்துவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். காலி பாட்டிலைக் கழுவி உலர்த்தி, அடிப்பக்கத்தில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கை டேப்பால் அடைத்துவிடுங்கள். பிள்ளை பாட்டிலின் வாய் வழியாக மூச்சு இழுக்கும். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த முறை இது. அடியில்லாத காகித டம்ளரை நம்ப வேண்டாம், மருந்து வெளியே போய்விடும்.

பி.டி. வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகளை விலக்கி வைப்பது தேவையற்றது. பத்து நிமிடம் மெதுவாக நடை, ஓட்டம் என்று உடம்பைச் சூடேற்றட்டும். டாக்டர் சொல்லியிருந்தால் 15 நிமிடம் முன்பே 2 பஃப் போடலாம். வகுப்பு பெருக்கும் வேலையையும் கரும்பலகை துடைப்பதையும் மட்டும் இவர்களிடம் விடாதீர்கள். புயல், வெள்ளத்துக்குப் பின் ஓதம் ஏறிய சுவரோரம் பெஞ்சு வேண்டாம், பூஞ்சை அங்கேதான் படியும். வீட்டில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் நிறுத்தத் தகுந்தவை. போகிப் புகையன்று பிள்ளை உள்ளேயே இருக்கட்டும்.

தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் இளைப்பு இல்லாத நாளிலும் போட வேண்டும், போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பழகிவிடும் என்ற பயத்தில் இதை நிறுத்துகிறவர்களே பின்னால் நீல இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேடுகிறார்கள். அந்த நிலை வந்தாலோ இரவில் இருமி எழுந்தாலோ டாக்டரைப் பாருங்கள். குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது தவறான வழி. 200 பஃப் குப்பி, காலையில் 2, இரவில் 2 என்றால் 50 நாளில் தீரும்; தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் டப்பா மேலேயே எழுதிவிடுங்கள்.