பழைய மீடியா பிளேயர் உறைந்து நின்றால்: பதிவுகளை இழக்காமல் பழுது பார்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர்களில் பல வீடுகளில் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினியை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு, அதற்குள் இருக்கும் கோயில் கொடைவிழா வில்லுப்பாட்டுப் பதிவுகளும் கல்யாண வீடியோக்களும்தான் காரணம். மீடியா பிளேயரைத் திறந்ததும் திரை வெளுத்து, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், 'ஹேங்க் ஆகிவிட்டது' என்று சொல்லிக் கடைக்குத் தூக்கிப் போகிறோம். அங்கே ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படி ஒருமுறை தலையாட்டியதால் என் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்த கொடைப் பதிவு ஒன்று எங்கள் வீட்டில் இல்லாமலே போயிற்று. பிளேயர் உறைவதற்கு ஃபார்மட் மருந்தாவது மிக அரிது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பதிவுகளை வேறொரு ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகலெடுத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும்போதே பாதி உண்மை தெரிந்துவிடும். குறிப்பிட்ட ஒரு கோப்பு வந்ததும் நகல் அப்படியே நின்று, ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று ஒலித்தால் பழுது பிளேயரில் இல்லை, டிஸ்கில்தான். அந்த நிலையில் டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக் டிஸ்க் நிரலை உடனே ஓட்டக் கூடாது; தேய்ந்த டிஸ்க் அந்த நீண்ட சோதனையைத் தாங்காமல் முழுவதுமாகப் படுத்துவிடக்கூடும். எடுக்க முடிந்த மற்றக் கோப்புகளை முதலில் எடுத்து முடியுங்கள்.

நகல் தடையில்லாமல் முடிந்தால், அடுத்ததாகப் பிளேயர் எப்போது உறைகிறது என்று கவனிக்க வேண்டும். பாட்டு ஏதும் போடுவதற்கு முன்பே உறைந்தால், பிளேயர் தன்னிடமுள்ள பாட்டுகளைக் குறித்து வைக்கும் நூலகப் பட்டியலில் கோளாறு. ஒரே பதிவில் ஒரே இடத்தில் உறைந்தால் அந்தக் கோப்பில் கோளாறு. வீடியோவுக்கு மட்டும் உறைந்தால், சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக்கிலோ, திரைக் காட்சியைக் கையாளும் கிராஃபிக்ஸ் டிரைவரிலோ கோளாறு என்று பெரும்பாலும் கொள்ளலாம். உறைந்திருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு உச்சத்தில் நின்றால் பிளேயர் திணறிக்கொண்டிருக்கிறது. சிபியு சும்மா இருந்தும் பிளேயர் அசையவில்லை என்றால் அது டிஸ்கிலிருந்தோ பிணையத்திலிருந்தோ வர வேண்டிய எதற்காகவோ காத்துக்கிடக்கிறது.

எங்கள் பக்கம் அதிகம் காண்பது நூலகக் கோளாறுதான். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். விண்டோஸ் மீடியா பிளேயர் தன் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி அணைந்தால் அந்தப் பட்டியல் கோப்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது, அடுத்த முறை திறக்கும்போது பிளேயர் அதைப் படிக்க முயன்று மாட்டிக்கொள்கிறது. இதற்கு, பிளேயரை மூடிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் மீடியா பிளேயர் நெட்வொர்க் ஷேரிங் சர்வீஸ்' ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயருள்ள ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், மீடியா பிளேயர் என்று வரிசையாக உள்ளே போக வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் என்பதால், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லும் அமைப்பை முன்பே இயக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பவற்றை அழித்துவிடாமல் வேறிடத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் பிளேயரைத் திறந்தால், அது புதிய பட்டியலைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு போய்விடும். பாட்டுக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே பதிவில் மட்டும் உறைகிறது என்றால் அதன் அளவைப் பாருங்கள். மைக் செட்டுக்காரர் இரவு முழுக்க நடந்த வில்லுப்பாட்டை நேரடியாகச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்து கொடுத்திருப்பார். சிடி தரத்திலுள்ள வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி பிடிக்கும். ஆகவே 3 மணி 20 நிமிடம் தாண்டும்போது 2 ஜிபியையும், ஆறே முக்கால் மணி நேரத்தில் 4 ஜிபியையும் எட்டிவிடும். வேவ் கோப்பின் தலைப்பில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் மட்டுமே என்பதால் 4 ஜிபிக்கு மேல் அந்த எண்ணை எழுதவே முடியாது. பழைய நிரல்கள் சில 2 ஜிபியிலேயே கணக்குத் தவறி நின்றுவிடும். பதிவு நன்றாகவே இருக்கும், பிளேயருக்குத்தான் அதன் நீளம் புரிவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் நிரலில் அதைத் திறந்து, காப்பு விருத்தம், கதை, வாழி என்று பாட்டின் இயல்பான பகுதிகளிலேயே வெட்டி, ஒரு மணி நேரத்துக்கு மிகாத துண்டுகளாக ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். ஃபிளாக்கில் ஒலித்தரம் குறையாது. ஆனால் பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் அதைப் பாடாது என்பதால், கேட்பதற்கென்று எம்பி3 நகல் ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடியோவுக்கு மட்டும் உறையும் கணினியில், இணையத்தில் கிடைத்த கோடெக் பேக்குகள் இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அனைத்தையும் நீக்கிவிடுங்கள். விஎல்சி என்ற வேறு பிளேயரில் பார்ப்பவர்கள் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட் கோடெக்ஸ் பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் டிகோடிங்கை டிசேபிள் என்று மாற்றி, நிரலை மூடித் திறந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். புதிய செல்போனில் எடுத்த வீடியோ ஹெச்இவிசி என்ற புதிய சுருக்க வடிவில் இருந்தால் பழைய சிபியுவால் அதை இழுக்க முடியாது; அதற்கு முந்தைய ஹெச்.264 வடிவத்துக்கு மாற்றிக் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் விண்டோஸ் மீடியா பிளேயர் அசையவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, மீடியா ஃபீச்சர்ஸ் என்பதன் கீழ் அதன் குறியை எடுத்துக் கணினியை மறுபடி இயக்குங்கள். பிறகு குறியை இட்டு இன்னொரு முறை இயக்கினால் பிளேயர் மட்டும் புதிதாக வந்து அமரும், பதிவுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.