வைஃபை வேகத்தை வீணாக்காமல் பங்கிடுவது எப்படி: தொடக்கநிலைச் செய்முறை

இணையம் இழுபடத் தொடங்கியவுடன் பெரிய டேட்டா பக்கேஜுக்கு மாறுவதையே வன்னியில் பலரும் முதலில் செய்கிறார்கள். பல வீடுகளில் அந்தச் செலவு தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. இரணைமடு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குப் பாய்ச்சுவதைப் போலத்தான் வைஃபையும் இயங்குகிறது. ஒரே சனலில், அதாவது ரவுட்டர் பயன்படுத்தும் ஒரே அலைவரிசையில், உள்ள கருவிகளில் ஒன்று அனுப்பும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்கான வழிகளையே இங்கு படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: குறை எந்தப் பக்கம்?

ஒரு மடிக்கணினியை லான் கேபிள் மூலம் ரவுட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து கொள்ளுங்கள். பின்னர் கேபிளைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாக இருக்கும் அறையில் வைஃபையில் அளவுங்கள். கேபிளிலேயே வேகம் இல்லையென்றால், குறை கைபேசிக் கோபுரத்துக்கும் உங்கள் 4ஜி ரவுட்டருக்கும் இடையில் உள்ளது. அப்படியானால் ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலோரம் உயரமாக வையுங்கள்; தகரத்துக்கு அருகில் வைக்காதீர்கள், ஏனெனில் உலோகம் அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். பகலில் நன்றாக இருந்து இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் குறைந்தால், பெரும்பாலும் கோபுரத்தில்தான் நெரிசல்; அதை வைஃபை அமைப்புகளால் தீர்க்க இயலாது. கேபிளில் வேகம் இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், அடுத்த படிகளுக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: சனலைத் தெரிவு செய்தல்

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரக் கடைத்தொகுதிகளில் பிரத்தியேக வகுப்போ தொடர்பாடல் நிலையமோ நடத்துபவர்கள் இந்தப் படியிலேயே அதிக நேரம் செலவிட வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைப்பட்டையில் பொதுவாக 13 சனல்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுக்கிடையே 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு; ஆனால் ஒரு ரவுட்டருக்கு ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் தேவைப்படுகிறது. ஆகவே ஒன்றையொன்று மேவாமல் இயங்க வழக்கமாகத் தெரிவு செய்யப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று.

அயல்கடை 6இல் இருக்கும்போது, விலகி நிற்பதாக எண்ணிச் சிலர் 4ஐத் தெரிவு செய்கிறார்கள். இது நிலைமையை மோசமாக்கும். ஒரே சனலில் இருந்தால் இரு ரவுட்டர்களும் ஒன்றையொன்று கேட்டு முறை வைத்துக்கொள்ளும். பாதி மேவும் சனலில் மற்றையது வெறும் இரைச்சலாகவே கேட்பதால், தரவு சிதைந்து மீண்டும் மீண்டும் அனுப்ப நேரிடும்.

ஆண்ட்ராய்ட் கைபேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால், சுற்றியுள்ள வலையமைப்புகளின் சனலும் வலிமையும் தெரியும். வலிமை எதிர்க்கணியத்தில் காட்டப்படும்: -50 வலிமையானது, -85 மிக மெல்லியது. சனல் 1இல் -48 வலிமையுடன் ஒன்றும், சனல் 6இல் -84 வலிமையுடன் இரண்டும் தெரிந்தால் 6ஐ எடுங்கள். எண்ணிக்கையை விட வலிமையே முக்கியம்.

அதன்பின் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். அது 192.168.8.1 அல்லது 192.168.1.1 போல இருக்கும்; ரவுட்டரின் அடியிலுள்ள ஒட்டியில் பார்க்கலாம். வைஃபை அமைப்புகளில் சனலை ‘ஆட்டோ’விலிருந்து நீங்கள் தெரிவு செய்த எண்ணுக்கும், அகலத்தை 20க்கும் மாற்றிச் சேமியுங்கள். 40ஐ வைத்தால் அலைப்பட்டையின் பெரும்பகுதியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கம் பெரிய காணிகளில் தள்ளித் தள்ளி வீடுகள் உள்ள இடங்களில் அயலவர் அலை பெரும்பாலும் எட்டாது. அங்கே இடையூறு வீட்டுக்குள்ளேயே இருக்கும்: மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் ஒலிபெருக்கி, ரவுட்டரை ஒட்டி வைத்த யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்.

மூன்றாம் படி: 5 கிகாஹேர்ட்ஸ்

ரவுட்டரில் இந்த அலைப்பட்டை இருந்தால் அதற்குத் தனிப்பெயர் கொடுத்து, அருகிலுள்ள கருவிகளை அதில் இணையுங்கள். 36 முதல் 48 வரையான சனல்கள் போதும். சுவர்களைத் தாண்டும்போது இது விரைவில் வலுவிழக்கும்.

நான்காம் படி: தொலைவிலுள்ள கருவிகள்

முற்றத்து மாமரத்தடியில் -82 வலிமையுடன் காணொளி பார்க்கும் ஒரு கைபேசி, அருகிலுள்ள கைபேசியை விடப் பலமடங்கு நேரம் எடுத்தே அதே தரவைப் பெறுகிறது. அந்த நேரம் முழுவதும் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். எனவே நகராத தொலைக்காட்சியையும் மேசைக்கணினியையும் கேபிளுக்கு மாற்றுங்கள். ஒரே அலைப்பட்டையில் இயங்கும் ரிப்பீற்றர் (வைஃபை அலையை வாங்கி மீண்டும் பரப்பும் கருவி) ஒவ்வொரு தரவையும் இருமுறை அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தள்ளியிருக்கும் குசினிக்கு 100 மீற்றர் வரை லான் கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பொயின்ற் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைப்பது மேல். வெளியே இழுத்த கேபிளை, ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னல் தொடங்குவதற்கு முன்பே கட்டாயம் இருபுறமும் கழற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வரம்பு விதித்தல்

உயர்தர மாணவரின் இணையவழி வகுப்பு தடைப்படுவதற்குப் பெரும்பாலும் இன்னொருவரின் கைபேசி படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றுவதே காரணம். பதிவேற்றம் நிரம்பிவிட்டால், பதிவிறக்கத்தின்போது ‘தரவு கிடைத்தது’ என்று திருப்பி அனுப்பப்படும் சிறு ஒப்புதல் செய்திகளும் அதில் மாட்டிக்கொள்கின்றன. எந்தக் கருவிக்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று பங்கிடும் ‘கியூஓஎஸ்’ வசதி ரவுட்டரில் இருந்தால், முதற்படியில் கேபிளில் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தைப் பதிவேற்றத்துக்கும் பதிவிறக்கத்துக்கும் தனித்தனியே உச்சவரம்பாக இட்டு, வகுப்புக் கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள். அவ்வசதி இல்லாவிடில், ஒவ்வொரு கைபேசியிலும் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்தி, யூடியூப் தரத்தை 480க்குக் குறையுங்கள்.

இறுதியாக, ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே பிங் நேரத்தை, அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். எவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது காட்டிய எண்ணுக்கு அருகிலேயே அது நின்றால் வரம்பு சரியாக உள்ளது. பல நூறு மில்லிசெக்கனுக்குத் தாவினால் வரம்பை இன்னும் ஐந்து சதவீதம் குறைத்து மீண்டும் அளவுங்கள்.