லண்டன் சட்ட நிறுவனங்களின் ஆள்சேர்ப்புக் குழுவினரோடு அறிமுகமாவது எப்படி?

இங்கிலாந்தில் சொலிசிட்டராக (கட்சிக்காரர்களுக்குச் சட்ட ஆலோசனை கூறி, ஆவணங்களைத் தயாரிக்கும் வழக்கறிஞராக) விரும்பும் மாணவர்கள் பலர், நிறுவனத்தின் பங்குதாரர்களைச் சந்திக்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூடப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆள்சேர்ப்புக் குழுவினரிடம் காட்டுவதில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் படிப்பவர்களும், தேர்வு நாளை நடத்துபவர்களும், சேரும் வரை உங்களோடு தொடர்பில் இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தாம்.

பெரிய நிறுவனங்கள் பயிற்சி தொடங்குவதற்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. ஆகையால் சட்டம் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலும், வேறு பாடம் படிப்பவர்கள் இறுதி ஆண்டிலும் முனைய வேண்டும். பல்கலைக்கழகங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடக்கும் சட்டத் தொழில் கண்காட்சிகளே ஆள்சேர்ப்புக் குழுவினரை நேரில் பார்க்க எளிய வாய்ப்பு. எல்லா அரங்குகளையும் சுற்றி வருவதைவிட, நான்கைந்து நிறுவனங்களைப் பற்றி முன்கூட்டியே படித்துவிட்டு அவற்றுக்கு மட்டும் செல்வது நல்லது.

என்ன கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நிறுவனம் எந்தத் துறைகளில் இயங்குகிறது என்பது இணையதளத்திலேயே இருக்கும். அதைக் கேட்டால் நீங்கள் படிக்காமல் வந்தது தெரிந்துவிடும். ஆள்சேர்ப்பு அலுவலர்களில் பலர் வழக்கறிஞர்கள் அல்லர் என்பதால், நிறுவனம் கையாண்ட வழக்குகளின் நுணுக்கங்களை அருகில் நிற்கும் பயிற்சி சொலிசிட்டர்களிடம் கேளுங்கள். ஆள்சேர்ப்பு அலுவலர்களிடம் தேர்வுமுறையைப் பற்றிக் கேளுங்கள்: விடுமுறையில் மாணவர்கள் சில வாரங்கள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வெக்கேஷன் ஸ்கீமில் மாணவரின் வேலையை யார் மதிப்பிடுகிறார்கள்? ஆறு ஆறு மாதங்களாகப் பிரியும் பயிற்சிக்காலத்தில் துறைகள் எந்த அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன? 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, சொலிசிட்டராகத் தகுதி பெற எழுத வேண்டிய எஸ்.கியூ.இ. தேர்வுக்குப் படிக்க, வேலையில் சேருமுன் எவ்வளவு காலம் தருகிறார்கள்?

மாணவர்கள் மிகவும் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. உடற்குறை, நோய், டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் ஏற்படும் சிரமம்) போன்றவற்றால் வாட்சன் கிளேசர் போன்ற சிந்தனைத் திறன் தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்பட்டாலோ, குடும்பச் சூழலால் ஓராண்டு மதிப்பெண் குறைந்திருந்தாலோ, அதை நேரடியாகச் சொல்ல வேண்டியது ஆள்சேர்ப்புக் குழுவினரிடம்தான். இதைச் சலுகை கேட்பதாக எண்ண வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்து தருவது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நிறுவனத்தின் கடமை. பல நிறுவனங்கள் விண்ணப்பதாரர் படித்த பள்ளியின் நிலையையும் சேர்த்தே மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. மறைத்து வைத்து வாய்ப்பை இழப்பவர்களை எண்ணினால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தேர்வு முடிந்த பிறகு சொல்வதைவிட விண்ணப்பிக்கும்போதே எழுதுவது பெரிதும் உதவும்.

சந்திப்பு முடிந்த அன்றே, பேசியவரின் பெயரையும் அவர் சொன்னதையும் குறித்து வையுங்கள். மறுநாள் மூன்று நான்கு வரிகளில் நன்றி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அதில் வேலை கேட்க வேண்டாம். விண்ணப்பத்தில் அவர் பெயரை மட்டும் எழுதுவதால் பயனில்லை. அவர் சொன்ன எந்தச் செய்தி அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க உங்களைத் தூண்டியது என்பதை எழுதுங்கள். கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பங்களைப் பரிசீலிக்கத் தொடங்கும் நிறுவனங்கள் பல உள்ளதால், கண்காட்சிக்குப் பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நேர்காணல் வரை சென்றும் இடம் கிடைக்காவிட்டால், காரணத்தை விளக்குமாறு பணிவாகக் கேளுங்கள். அந்தக் கட்டத்தை எட்டியவர்களுக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.